திரை காட்டியது 32.70, கணக்கு சொன்னது 38.90

கடந்த தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, மாசாயில் ஒரு மினி மார்க்கெட்டில் காசாளராக இருக்கும் என் அத்தையின் கல்லாவில் 188 வெள்ளி 40 காசு குறைந்தது. அத்தை அந்த வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருப்பவர். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி குறைவது உண்டு. அதைத் தன் கைப்பையிலிருந்து போட்டுவிடுவார். இத்தனை பெரிய தொகை குறைந்தது அதுவே முதல் முறை. முதலாளி கத்தவில்லை. கணினியில் அன்றைய அறிக்கையைத் திறந்து காட்டி, "கம்பியூட்டர் பொய் சொல்லாதுமா" என்று மட்டும் சொன்னாராம். அந்த மாதச் சம்பளத்தில் பணம் பிடிக்கப்பட்டது.

தீபாவளியன்று எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவும்போதுதான் என்னிடம் வந்தார். "நீதான் கம்பியூட்டர் படிக்கிறியே, ஒன்னு சொல்லு. நான் 32.70 அடிச்சேன். என் கண்ணால பார்த்தேன். சிஸ்டம் எப்படி 38.90ன்னு சொல்லும்?"

நான் ஸ்கூடாயில் மென்பொருள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அத்தையின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து வகுப்பில் ஒரு பயிற்சியைத் தப்பாகச் செய்து மதிப்பெண் இழந்தபோது பதில் கிடைத்தது. அந்தப் பாடத்தின் பெயர் டேட்டா பைண்டிங். தமிழில் தரவுப் பிணைப்பு எனலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் கடையில் நிற்கும் எல்லோருக்கும் உரியது. இந்த ஜனவரி முதல் ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியிலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை உள்ள கடைகளும் மின் விலைப்பட்டியல் முறைக்குள் வந்துவிட்டதால், இதைப் பற்றி இப்போது பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை. கணினித் திரையில் ஒரு கட்டத்தில் 32.70 என்று தட்டுகிறீர்கள். எண் திரையில் தெரிகிறது. கணினி அதை ஏற்றுக்கொண்டது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அங்கே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று நாம் பார்க்கும் கட்டம். இன்னொன்று நிரலின் உள்ளே இருக்கும் தரவு. அதை மாடல் என்பார்கள். பொருளின் பெயர், விலை, எண்ணிக்கை எல்லாம் மாடலில் இருக்கும். மொத்தம் கூட்டப்படுவதும், ரசீது அச்சாவதும், இரவு அறிக்கை வருவதும் மாடலிலிருந்துதான். திரையிலிருந்து எதுவும் கூட்டப்படுவதில்லை. கட்டத்தையும் மாடலையும் ஒரு கயிற்றால் கட்டி வைப்பதுதான் பிணைப்பு. கட்டத்தில் மாற்றினால் மாடல் மாற வேண்டும். மாடல் மாறினால் கட்டம் மாற வேண்டும். கயிறு எப்போது இழுபடும் என்பதை நிரல் எழுதுபவர் முடிவு செய்கிறார், அல்லது முடிவு செய்ய மறந்துவிடுகிறார்.

இந்தப் பிரிவினை புதிதல்ல. நார்வே நாட்டுக்காரரான திரிக்வே ரீன்ஸ்காக் 1979-இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, தரவு ஒரு பக்கம், திரைக்காட்சி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவே கட்டுப்படுத்தும் பகுதி என்று பிரித்து எழுதினார். கணினிக்குள் இருக்கும் மாடலுக்கும் பயன்படுத்துபவர் மனத்தில் இருக்கும் மாடலுக்கும் பாலம் போடுவதே தன் நோக்கம் என்று அவர் பின்னாளில் விளக்கினார். இந்த இரண்டாவது மாடலை எங்கள் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் மறந்துவிட்டன என்பது என் எண்ணம். அத்தையின் மனத்தில் இருந்த மாடல் 32.70. கணினியில் இருந்தது 38.90. பாலம் நடுவில் எங்கோ விட்டுப்போயிருந்தது.

எங்கே விட்டது என்பதைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் கணினிகளில் ஓடும் கடை மென்பொருள்கள் பலவும் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் எழுதப்பட்டவை. அதில் திரை அமைக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று 2002-இல் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ். மற்றொன்று 2006-இல் வந்த டபிள்யூ.பி.எஃப். இரண்டிலும் எழுத்துக் கட்டத்துக்கு ஒரே மாதிரி இயல்பு உண்டு. நீங்கள் எண்ணைத் தட்டத் தட்ட அது மாடலுக்குப் போவதில்லை. கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் போகும். டேப் அழுத்த வேண்டும், அல்லது சுட்டியால் வேறு கட்டத்தைத் தொட வேண்டும். எண்டர் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்கு நகரும்படி கடை மென்பொருள்களில் எழுதி வைத்திருப்பார்கள். அப்போதும் போகும். உள்ளேயே நின்றுகொண்டிருந்தால் மாடலில் இருப்பது பழைய எண்தான்.

இப்படி வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. 32.70 என்று தட்டும்போது முதலில் 3 வருகிறது, பிறகு 32, பிறகு 32-க்குப் பின் ஒரு புள்ளி. ஒவ்வொரு தட்டுக்கும் மாடல் மாறினால், அரிசி மூட்டை ஒரு நொடிக்கு 3 வெள்ளியாகிவிடும். மொத்தத் தொகை குதிக்கும். பாதி எழுதிய எண்ணைப் பார்த்து நிரல் "தவறு, தவறு" என்று சிவப்பு காட்டும். ஆகவே எழுதி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறது. எழுதி முடித்துவிட்டார் என்பதை அது எப்படித் தெரிந்துகொள்ளும்? கட்டத்தை விட்டு வெளியேறுவதைத்தான் முடித்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் ஓட்டை. எஃப்12 போன்ற குறுக்குவிசையை அழுத்தினால் நாம் கட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை. விசை வேலை செய்யும், பில் முடியும், கல்லா திறக்கும். கட்டம் மட்டும் தன் எண்ணை மாடலிடம் ஒப்படைக்காமலே இருந்துவிடும். மேல்பட்டையில் இருக்கும் 'சேமி' பொத்தானைச் சுட்டியால் அழுத்தினாலும் சில சமயம் இதே கதைதான், ஏனென்றால் அந்த வகைப் பொத்தான்கள் கவனத்தைத் தம் பக்கம் இழுப்பதில்லை. நிரலாளர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பழைய வழு. பில்லை முடிக்கும் முன்பு, திறந்திருக்கும் கட்டத்தை மாடலில் எழுது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என் பயிற்சியில் நான் சேர்க்காத வரியும் அதுதான். மாணவர் பெயரைத் திருத்தி, குறுக்குவிசையால் சேமித்து, விரிவுரையாளரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் செயலியை மூடித் திறந்தார். பழைய பெயர் வந்து நின்றது.

அந்த நொடியில் எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தார். அன்று மாலையே கைப்பேசியில் அழைத்தேன்.

"அத்தை, விலைய அடிச்சிட்டு என்ன அழுத்துவீங்க?"

"எஃப்12. வேற என்ன? கூட்டம் நிக்குதில்ல."

"எண்டர் அழுத்த மாட்டீங்களா?"

"அது புதுசா வர்ற பிள்ளைங்க அழுத்துறது. எனக்கு எதுக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர். கடை மூடும் நேரத்தில் அரை மணி தந்தார். நடந்தது இதுதான். அந்தச் சனிக்கிழமை காலை ஐந்து கிலோ அரிசி மூட்டைக்குத் திடீர் விலைக்கழிவு கொடுக்க முடிவு செய்தார். 38.90-லிருந்து 32.70. பொருள் பட்டியலில் விலையை மாற்ற நேரமில்லை, கவுண்டரிலேயே விலையைத் திருத்தி அடிக்கும்படி வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். அத்தையும் அப்படியே செய்தார். பார்கோட் அடிப்பார், விலைக் கட்டத்தில் 32.70 தட்டுவார், எஃப்12 அழுத்துவார்.

நாங்கள் அதே அரிசி மூட்டையை எடுத்து இரண்டு முறை அடித்துப் பார்த்தோம். எண்டர் அழுத்திவிட்டு எஃப்12 அழுத்தினால் ரசீதில் 32.70. எண்டர் இல்லாமல் நேராக எஃப்12 அழுத்தினால் ரசீதில் 38.90. விலைக் கட்டத்தில் மட்டும் கடைசி நொடி வரை 32.70 என்றுதான் இருந்தது. திரையின் கீழ்மூலையில் மொத்தத் தொகை 38.90 என்று நின்றது உண்மைதான். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது கீழ்மூலையை யார் பார்ப்பார்கள்? வாடிக்கையாளர் 32.70 கொடுத்தார், போனார். ரசீதைப் பலர் வாங்கவே இல்லை. வாங்கியவர்களும் கொடுத்த பணம் சரியாக இருந்ததால் திரும்பி வரவில்லை.

பிறகு அன்றைய அறிக்கையை எடுத்தோம். மொத்தம் 71 மூட்டை விற்றிருக்கிறது. 41 மூட்டை 32.70-க்கு, 30 மூட்டை 38.90-க்கு. அரிசியோடு எண்ணெய், பருப்பு என்று வேறு பொருளும் வாங்கியவர்களின் பில்லில் விலை சரியாக இருந்தது, ஏனென்றால் அடுத்த பொருளுக்குப் போக அத்தை எண்டர் அழுத்தியிருக்கிறார். அரிசி மட்டும் வாங்கிப்போனவர்களின் பில்தான் தவறியது. ஒரு மூட்டைக்கு வித்தியாசம் 6.20. முப்பது மூட்டைக்கு 186 வெள்ளி.

மீதி 2 வெள்ளி 40 காசு அத்தையின் கணக்குதான். அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அதிகம் உறுத்தியது ஒன்று. பக்கத்துக் கவுண்டரில் இருந்த பகுதிநேரப் பிள்ளைக்கு எதுவும் குறையவில்லை. அவர் புதியவர், ஒவ்வொன்றுக்கும் எண்டர் அழுத்தி மெதுவாகப் போனவர். பதினோரு ஆண்டு அனுபவத்தில் விசைகளை மனப்பாடமாக வைத்திருந்த கை வேகமான ஆளுக்குத்தான் பணம் குறைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும்? அனுபவசாலிக்குத்தான் திருடத் தெரியும் என்றுதான் தெரியும்.

இது ஒரு கடையின் சின்னக் கதை என்று நினைப்பவர்களை பிரிட்டனுக்கு அழைத்துப் போகிறேன். அங்குள்ள அஞ்சல் அலுவலகக் கிளைகளில் 1999 முதல் ஹொரைஸன் என்ற கணினி அமைப்பு பொருத்தப்பட்டது. ஐ.சி.எல். என்ற நிறுவனம் உருவாக்கியது. பின்னர் அது முழுமையாக ஃபுஜிட்சு என்றானது. கிளைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒரு மூலைக் கடையில் மிட்டாயும் அஞ்சல்தலையும் சேர்த்து விற்கும் நம் அத்தை மாமாக்களைப் போன்றவர்கள். தெற்காசிய வம்சாவளியினரும் அவர்களில் நிறைய. கணினி பணம் குறைகிறது என்றது. ஒப்பந்தப்படி குறையை அவர்களே கட்ட வேண்டும் என்று அஞ்சல் நிறுவனம் கேட்டது. கட்டினார்கள். வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி, 74,000 பவுண்டு திருடியதாக 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கர்ப்பிணி. 2021 ஏப்ரலில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

ஹொரைஸனில் இருந்த வழுக்கள் பல வகை. ஒவ்வொருவர் வழக்குக்கும் ஒரே வழு காரணமில்லை. அவற்றில் ஒன்று என் பாடத்துக்கு மிக நெருக்கமானது. 2015 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்ற ஊரில் ஒரு கிளை நடத்துநர் 8,000 பவுண்டு ரொக்கம் இருந்த பையைத் தன் துணைக் கிளைக்கு மாற்றிப் பதிவு செய்தார். பார்கோடை அடித்தார், எண்டர் அழுத்தினார். திரை நகரவில்லை. அதே பக்கம் நின்றது. யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? மறுபடி எண்டர் அழுத்துவோம். அவரும் அழுத்தினார். நான்கு ரசீது வந்தது. கையில் இருந்தது ஒரு பை, 8,000 பவுண்டு. கணக்கில் ஏறியது நான்கு பை, 32,000 பவுண்டு. 24,000 பவுண்டு எங்கே என்று கணினி கேட்டது.

அத்தையின் கடையில் திரை மாறியது, மாடல் மாறவில்லை. டால்மெலிங்டனில் திரை மாறவில்லை, மாடல் மாறிக்கொண்டே இருந்தது. தலைகீழான இரண்டு சம்பவங்கள். இரண்டிலும் மனிதர் திரையை நம்பினார், நிறுவனம் மாடலை நம்பியது.

அந்த வழு டால்மெலிங்டனில் மட்டும் நடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தேடிப் பார்த்தபோது 2010 முதல் ஐந்து ஆண்டுகளில் அதே மாதிரி 112 முறை நடந்திருந்தது. பெரும்பாலானவற்றை அலுவலகமே கவனித்துத் திருத்தியிருந்தது. வழு என்ன என்பதைத்தான் யாரும் தேடவில்லை. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பர் 16-ஆம் தேதி நீதிபதி பீட்டர் ஃபிரேசர் தீர்ப்பளித்தபோது, ஹொரைஸனின் முதல் வடிவம் நம்பத்தகுந்த உறுதிக்குப் பக்கத்தில்கூட இல்லை என்று சொன்னார். 2024 மே மாதம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இதன் காரணமாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது.

பதினாறு ஆண்டுகள் நீதிமன்றங்கள் எப்படி ஏமாந்தன? இங்கே ஒரு சட்டக் கதை இருக்கிறது. பிரிட்டனில் 1984-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்டியாக வேண்டும். அது நடைமுறைக்குச் சிரமம் என்று 1999-இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதற்குப் பிறகு, வேறு விதமாகக் காட்டப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று அனுமானிப்பது வழக்கமாயிற்று. ஹொரைஸன் கிளைகளுக்குள் நுழைந்ததும் அதே காலம். 2025 ஜனவரியில்தான் பிரிட்டனின் நீதி அமைச்சு இந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

நம் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு இருக்கிறது. 1993-இல் சேர்க்கப்பட்டது. கணினியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தக் கணினி நல்ல நிலையில் இருந்தது, உரிய காலம் முழுவதும் எல்லா வகையிலும் சரியாக இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது அதன் நான்காம் உட்பிரிவு. மறுத்துப் பேச இடமில்லை என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு வேண்டியது என்ன? நிரலின் உட்பகுதி, விசைத்தட்டுகளின் பதிவு, வழுப் பட்டியல். அவை கணினியின் சொந்தக்காரரிடமோ மென்பொருளை விற்றவரிடமோ இருக்கும். கையெழுத்துப் போடுபவரும் பெரும்பாலும் அவர்கள் பக்கத்து ஆள். கல்லாவில் நிற்பவரிடம் இருப்பது "என் கண்ணால பார்த்தேன்" என்ற ஒரு வாக்கியம்.

1993-இல் அந்தப் பிரிவை எழுதியவர்கள் வங்கிகளையும் பெரிய அலுவலகங்களையும் மனத்தில் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். இன்று மாசாய் மளிகைக் கடையின் இரவு அறிக்கையும் கணினி தரும் ஆவணம்தான்.

அத்தையின் விஷயம் நீதிமன்றத்துக்கெல்லாம் போகவில்லை. நம் ஊரில் இவை கடைக்குள்ளேயே தீர்ப்பாகி, சம்பளச் சீட்டில் தண்டனையாகி முடிந்துவிடும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு எந்தெந்தப் பிடித்தங்கள் சட்டப்படி செல்லும் என்று வரிசையாகச் சொல்கிறது. கல்லாக் குறைவு அந்த வரிசையில் பெயர் சொல்லி இல்லை. இதைச் சொன்னபோது அத்தை, "அத போய் முதலாளிகிட்ட சொல்லி, அப்புறம் நான் எங்க வேலைக்குப் போறது?" என்றார். சட்டம் படிக்கும் நண்பர்கள் யாராவது இந்தப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

இனி மின் விலைப்பட்டியல். உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களிலிருந்து இதைத் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறக்கியது. இப்போது கடைத்தெரு வரை வந்திருக்கிறது. ஒரு விலைப்பட்டியலுக்கு 55 தரவுக் கட்டங்கள். நிரப்பி அனுப்பினால் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்பு சரிபார்த்துத் தனி அடையாள எண் தரும். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு வேறு ஆவணம் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். தனி விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தொகுத்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் அனுப்பலாம். மளிகைக் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும்.

வாரியத்தின் சரிபார்ப்பு எதைப் பார்க்கும்? கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா, வரி எண் இருக்கிறதா, வடிவம் சரியா என்று பார்க்கும். அத்தை கையில் வாங்கியது 32.70 என்பது அதற்குத் தெரிய வழியில்லை. மாடலில் இருந்து போவதைத்தான் அது பார்க்கிறது. அந்தச் சனிக்கிழமை இந்த ஆண்டு நடந்திருந்தால், நடக்காத 186 வெள்ளி விற்பனை மாதத் தொகுப்புக்குள் நுழைந்து, அடையாள எண்ணும் பெற்று, அரசாங்கப் பதிவாகியிருக்கும். அதற்குப் பிறகு "கம்பியூட்டர் பொய் சொல்லாது" என்பவரோடு வாதாட அத்தைக்கு இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. திரை இரண்டு தசமம் காட்டும்போது மாடலில் மூன்று, நான்கு தசமம் இருக்கலாம். 1.115 வெள்ளி வரும் வரிகள் இரண்டு இருந்தால், திரை 1.12, 1.12 என்று காட்டி, மொத்தம் 2.23 என்று போடும். கணக்கு வாத்தியார் பார்த்தால் குட்டுவார். 2008 ஏப்ரல் முதல் ரொக்கத்துக்கு ஐந்து காசுக்கு முழுமையாக்குவதால் 2.23, 2.24 இரண்டுமே கவுண்டரில் 2.25 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின் விலைப்பட்டியலில் ஒவ்வொரு வரியும் அப்படியே போகிறது. முழுமையாக்குவதை மாடலில் செய்ய வேண்டும், திரையில் மட்டும் செய்யக்கூடாது என்று எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை பேர் கேட்டோம் என்பது வேறு கதை.

ஜொகூரைப் பற்றிப் பத்திரிகையில் வருவதெல்லாம் இப்போது தரவு மையங்கள்தான். கூலாய் பக்கம் செடெனாக்கில் எழும்பும் கட்டடங்களைப் பேருந்தில் போகும்போது நானும் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போக வேண்டும், அல்லது பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போக வேண்டும் என்றுதான் பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. கடை மென்பொருளைப் பராமரிக்கும் வேலையை யாரும் கனவு காண்பதில்லை. நானும் கண்டதில்லை. ஆனால் நம் அம்மாக்களும் அத்தைகளும் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் திரையைத்தான்.

கடை வைத்திருக்கும் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யலாம். மின் விலைப்பட்டியலுக்காகப் புது மென்பொருள் வாங்கும்போது விற்பனையாளர் வண்ண வண்ண வரைபடங்கள் காட்டுவார். அதைப் பார்த்து முடித்ததும், விலைக் கட்டத்தில் ஒரு எண்ணைத் திருத்தி, எண்டர் அழுத்தாமல் குறுக்குவிசையால் பில்லை முடிக்கச் சொல்லுங்கள். பிறகு ரசீதைப் பாருங்கள். இன்னொன்று, பில் முடியும் விசையை வேகமாக இரண்டு முறை தட்டச் சொல்லுங்கள். ஒரு பில் வருகிறதா, இரண்டா? ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியும் உண்டு. காசாளர் என்ன தட்டினார் என்பதையும், என்ன சேமிக்கப்பட்டது என்பதையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறதா? அந்தப் பதிவு இருந்தால் பணம் குறையும் நாளில் வாதம் பத்து நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் அது காசாளரின் பேச்சுக்கு எதிராகக் கணினியின் பேச்சு. எந்தப் பேச்சு எடுபடும் என்று மேலே பார்த்தோம்.

என்னைப் போல நிரல் எழுதப் படிப்பவர்களுக்கும் ஒன்று. இறுதியாண்டுத் திட்டத்தில் எல்லோரும் புதுத் தொழில்நுட்பம் காட்ட விரும்புகிறோம். சோதனை என்று வரும்போது நாமே உட்கார்ந்து, நாம் நினைத்த வரிசையில் கட்டங்களை நிரப்பி, "வேலை செய்கிறது" என்று எழுதிவிடுகிறோம். நான் இந்தப் பருவத்தில் என் பயிற்சியை அத்தையிடம் கொடுத்துச் சோதித்தேன். நாற்பது நொடியில் மூன்று வழு கண்டுபிடித்தார். ஒன்றுக்கு இன்னும் தீர்வு தெரியவில்லை.

முதலாளி மென்பொருள் விற்றவரை அழைத்துப் பேசினார். புதிய பதிப்பில் அந்தப் பிரச்சினை இருக்காது, பதிப்பை மாற்றத் தனிக் கட்டணம் என்று பதில் வந்திருக்கிறது. யோசிப்பதாகச் சொல்கிறார். அதுவரை விலைத் திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம் எண்டர் அழுத்த வேண்டும் என்று கவுண்டரில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறார். அத்தை இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் எண்டரை இரண்டு முறை அழுத்துகிறார். வரிசை நீளமாகிறது, "என்னக்கா, வயசாயிருச்சா?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள். பிடித்த 188 வெள்ளி 40 காசைப் பற்றிக் கேட்டேன். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னாராம். எந்த மாதம் என்று அத்தை கேட்கவில்லை.